சஷ்டி விரதமும் சர்க்கரை மாத்திரையும்: ஆறு நாளும் இருக்கலாமா?

நெல்லைக்காரி:
அம்மாவுக்கு 61 வயசு. மூணு மாத சர்க்கரை சராசரி (HbA1c) 7.4. காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி., டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., ரெண்டு வேளை மெட்ஃபார்மின் 500. பிரஷருக்கு அட்டினலால். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால், பழம் மட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க. முருகன் பாத்துக்குவான்னு மாத்திரையையும் நிறுத்தப் போறாங்களாம். விரதத்தைத் தடுக்க எனக்கு மனசில்லை. டாக்டர்கிட்ட என்னென்ன கேட்கணும்?

மருந்துக்கடை மாணிக்கம்:
மொத்தமா நிறுத்துறதும் ஆபத்து, அப்படியே போடுறதும் ஆபத்து. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி.

கிளிமிபிரைடு, சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெறும் வயித்துல போட்டா சர்க்கரை சரியும். ஒரு வேளைச் சாப்பாட்டோட மாத்தவா, குறைக்கவா, நிறுத்தவான்னு கேளுங்க. மெட்ஃபார்மின் தனியா இருந்தா லோ சுகர் ஆகறது அரிது. வெறும் வயித்துல குமட்டும், அவ்வளவுதான்.

முக்கியமாக் கேட்க வேண்டியது டாபாகிளிஃப்ளோசின். அது சர்க்கரையைச் சிறுநீர்ல தள்ளும், கூடவே தண்ணியும் போகும். பட்டினியோட சேர்ந்தா உடம்பு கொழுப்பைக் கரைச்சு, கீட்டோன் அமிலம் ரத்தத்துல ஏறலாம். கொடுமை என்னன்னா, மீட்டர்ல சர்க்கரை 180, 200-ன்னுதான் காட்டும். வாந்தி, வயித்து வலி, மேல்மூச்சு வாங்கறது வந்தா "விரதக் களைப்பு"ன்னு படுக்க வைக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன்னாடி இதைக் குறைஞ்சது 3 நாள் நிறுத்துவாங்க. அதே காரணம்தான் இங்கேயும். அதனால அமாவாசைக்கு முந்தின வாரமே டாக்டரைப் பாருங்க.

அட்டினலாலை நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு விட்டா இதயத்துக்கு ஆகாது. ஆனா லோ சுகர்ல வர்ற படபடப்பை அது மறைச்சிடும். வேர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

சமையல்கட்டு:
பால், பழம்னா லேசுன்னு நினைக்கிறோம். நடுத்தர வாழைப்பழம் ஒண்ணுல மாவுச்சத்து 20 முதல் 25 கிராம். ஒரு வேளைக்கு மூணு பழம் உரிச்சா சர்க்கரை எகிறும், மூணு மணி நேரத்துல இறங்கி மயக்கமா வரும். ஜவ்வரிசி முழுக்க மாவுதான். ஜூஸ் அதைவிட மோசம்.

காலையில் சர்க்கரை போடாத பால் 200 மில்லி, பதினொரு மணிக்கு அரைக் கொய்யா, மதியம் ஒரு வேளை கைப்பிடிச் சோறும் கிண்ணம் நிறைய பாசிப்பயறுச் சுண்டலும், சாயங்காலம் மோர், ராத்திரி மறுபடி பால். இப்படிப் பிரிச்சா தாங்கும்.

வேலவன் அடியார்:
மிளகு விரதம், இளநீர் விரதம், பால் பழம், ஒரு பொழுது என்று பல முறைகள் இருக்கின்றன. உடம்புக்கு முடியாதவர்கள் ஒரு பொழுதோடு நிறுத்திக்கொள்வதும், சூரசம்ஹாரத்தன்று மட்டும் இருப்பதும் வழக்கத்தில் உள்ளதே. மருந்து ஆகாரத்தில் சேராது. ஆனால் மகள் சொன்னால் கேட்க மாட்டார். அம்மா வழக்கமாகப் போகும் கோயில் குருக்களைச் சொல்லச் சொல்லுங்கள், எடுபடும்.

சஷ்டி கவசப் பாராயணம் பற்றி ஒன்று. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஜெபமாலையோ மந்திரமோ சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி என்று கணக்கு. ஒரே மூச்சில் நாலு வரியை உருட்டித் தள்ளினால் அந்தப் பலன் இல்லை. நிதானமாகப் படித்தாலும் பிரஷர் மாத்திரைக்கு அது மாற்றாகாது.

நெல்லைக்காரி:
நன்றி. விரல் குத்தினா ரத்தம் வரும், பூஜை நேரத்துல தீட்டுங்கிறாங்க. எப்பப்போ பார்க்கணும்?

மருந்துக்கடை மாணிக்கம்:
குளிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, சாயங்கால பூஜை முடிஞ்சு ஒண்ணு. பூஜைக்கு நடுவுல வராது. ஆனா வேர்த்தாலோ, பேச்சு குழறினாலோ நேரம் பார்க்காம குத்தணும்.

70-க்குக் கீழ போனாலும் 300-க்கு மேல ஏறினாலும் அன்னிக்கு விரதத்தை முடிச்சிடணும். ரமலான் நோன்புக்கு வச்சிருக்கிற அளவும் இதுதான். 70-க்குக் கீழன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் சோறோ இட்லியோ கொடுக்கணும், கிளிமிபிரைடு வேலை சட்டுனு முடியாது, திரும்பவும் இறக்கும். நினைவு தப்பினா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

திருக்கல்யாணத்தன்னிக்கு சர்க்கரைப் பொங்கலும் வடையுமா வயிறு நிறைஞ்சு மீட்டர் 280 காட்டும். அதுக்காக விட்ட மாத்திரையையும் சேர்த்து ரெண்டா முழுங்க விடாதீங்க. டாபாகிளிஃப்ளோசினை எப்போ மறுபடி ஆரம்பிக்கணும்னு முதல்லயே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடுங்க.