லாட்ஜ் கார்டு லாக்: புதுக் கார்டு போட்டா கதவு திறக்கல, அவசரம்

குற்றாலம்_செல்வம் | வெள்ளி, ஜூலை 11, மாலை 5:40
சீசன் நேரம், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. நம்ம லாட்ஜுல ரூம் கதவுக்கெல்லாம் கார்டு லாக்கு. கவுண்டர்ல புதுக் கார்டு போட்டுக் குடுத்தா திறக்க மாட்டேங்கு. பார்ட்டி குடும்பத்தோட ஈரத் துண்டைக் கட்டிக்கிட்டு வராண்டாவுல நிக்காங்க. லாக்கு மாட்டிக் குடுத்த கம்பெனிக்காரன் போனை எடுக்கல. என்ன செய்ய?

எலக்ட்ரானிக்ஸ்_மணி | 5:48
பேட்டரிங்க. வேற எதையும் பார்க்க வேண்டாம். உள்பக்க மூடியைக் கழட்டினா நாலு ஏஏ செல் இருக்கும், நாலும் ஆல்கலைனா இருக்கோணும். டிவி ரிமோட்டுக்குப் போடற சாதா செல்லைப் போட்டா லைட் எரியும், ஆனா மோட்டாரை இழுக்க கரண்ட் பத்தாது. ரீசார்ஜபிள்னா இன்னும் மோசம்ங்க. ஒண்ணு 1.2 வோல்ட்டுதான், நாலும் சேர்ந்து 4.8. லாக் கேக்கறது 6.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 5:53
செல்வம் சார், கொஞ்சம் விவரம் சொல்லுங்க. எல்லா ரூமுமா, சில ரூம் மட்டுமா? கார்டைக் காட்டினா சிவப்பு வருதா, இல்ல ஒண்ணுமே வரலையா? எல்லா ரூமுக்கும் பொதுவான மாஸ்டர் கார்டு திறக்குதா? கடைசியா எப்ப ஒழுங்கா வேலை செஞ்சுது?

பூட்டு_பரமசிவம் | 6:02
கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு சார். லாக் மாடல் சொல்லல, கார்டோட ரேடியோ அலை 125 கிலோஹெர்ட்ஸா 13.56 மெகாஹெர்ட்ஸான்னு சொல்லல. டாக்டர்கிட்ட போயி "முடியல"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு உக்காந்தா அவரு எந்த ஊசியைப் போடுவாரு? இருந்தாலும் சொல்றேன். வெறுங்கார்டு வெளியில சல்லிசா வாங்கியிருப்பீங்க. ரெண்டு ரகமும் பார்க்க ஒரே வெள்ளைக் கார்டுதான், உள்ள இருக்கற சிப்பு வேற. இந்தத் தப்பை நான் நூறு லாட்ஜுல பார்த்துட்டேன்.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 6:05
ரகம் மாறிப்போனா எழுதுற மிஷினே எர்ரர் காட்டிடுமே சார், கார்டு கவுண்டரைத் தாண்டாது. அவர் கார்டு போட்டுக் குடுத்தேன்னுதானே சொல்றார்.

பூட்டு_பரமசிவம் | 6:07
எல்லா மிஷினும் காட்டாது.

தென்காசி_அண்ணாச்சி | 6:11
தம்பி, நான் பக்கத்து ஊருதான். ஐந்தருவிக்கு வர்ற ஆளுக உடம்பு பூரா எண்ணெயைத் தேய்ச்சுட்டு, கார்டை இடுப்புல சொருகிக்கிட்டுல்ல குளிக்கப் போறாங்க! எண்ணெயும் தண்ணியும் ஏறினா எந்தக் கார்டு வேலை செய்யும்? நல்லா சோப்புப் போட்டுக் கழுவிப் பாருங்க. செல்போன் கவருக்குள்ள வச்சிருந்தாலும் அழிஞ்சிரும்.

எலக்ட்ரானிக்ஸ்_மணி | 6:15
அண்ணாச்சி, அது பின்னாடி கறுப்புப் பட்டை இருந்த பழைய கார்டுங்க. ஹோட்டல்ல திரும்பத் திரும்ப எழுதற பட்டை லேசான காந்த ரகம். பர்ஸுல இருக்கற காந்தப் பொத்தானே அதை அழிச்சுப் போடும், போன் மேல பழி வந்தது அப்படித்தான். இப்ப வர்ற கார்டுல பட்டையே கிடையாது. சிப்பும் சுத்துக்கம்பியும் பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கு. கவருக்குள்ள காந்தம் இருந்தா என்ன, கார்டு முழுக்க எண்ணெய் வழிஞ்சா என்ன, ஒண்ணும் ஆகாதுங்க.

தென்காசி_அண்ணாச்சி | 6:19
எங்க மச்சான் கார்டு அழிஞ்சுது. நான் கண்ணால பார்த்தேன்.

குற்றாலம்_செல்வம் | 6:31
எல்லா ரூமும் இல்ல. 104, 107, 203 மட்டும்தான். மாஸ்டர் திறக்கு, ரூம் பாய் அதை வச்சுத்தான் திறந்து விட்டுட்டு இருக்கான். புதுக் கார்டைக் காட்டினா சிவப்பு அடிக்கு. பேட்டரி போன மாசம்தான் மாத்துனது, ஆல்கலைன்தான். கார்டு எப்பவும் போடுற அதே கார்டு. இதுல ஒரு கூத்து என்னன்னா, 104ஐக் காலையில காலி பண்ணிட்டுப் போனவங்க குடுத்த கார்டு மேசையில கிடந்துச்சு. அதைக் காட்டினா பச்சை வந்து திறக்கு! புதுசுதான் ஆக மாட்டேங்கு.

எலக்ட்ரானிக்ஸ்_மணி | 6:34
அப்ப பேட்டரி இல்லீங்க. பச்சை வந்து மோட்டார் சுத்துதே.

பூட்டு_பரமசிவம் | 6:36
ஆன்டெனா வீக். அந்த மூணு லாக்குலயும் ரீடர் போர்டை மாத்தணும்.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 6:38
ஒரு கார்டைப் படிச்சுப் பச்சை காட்டுற ஆன்டெனா இன்னொரு கார்டுக்கு வீக் ஆகுமா சார்? லாக் புதுக் கார்டையும் படிக்குது, படிச்சிட்டுத்தான் மாட்டேன்னு சொல்லுது. செல்வம் சார், இந்த வாரத்துல கவுண்டர் கம்ப்யூட்டர்ல யாராவது கை வச்சாங்களா?

குற்றாலம்_செல்வம் | 6:50
கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை கரண்டு போயிட்டு வந்ததுல விண்டோஸ் போயிட்டு, தென்காசியில குடுத்து ஃபார்மட் போட்டு வாங்கியாச்சு. லாக் சாஃப்ட்வேரையும் பழைய பேக்கப்பையும் ஏத்திக் குடுத்துட்டான். செவ்வாய், புதன் எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு.

பூட்டு_பரமசிவம் | 6:52
இதை முதல்ல சொல்ல வேண்டாமா!! ஃபார்மட் போட்டா ஹோட்டல் கோடு, அதாவது இது எந்த லாட்ஜோட கார்டுன்னு லாக் தெரிஞ்சுக்கற அடையாள எண், போச்சு. அவ்வளவுதான். கம்பெனி ஆள் வந்து எல்லா லாக்கையும் முதல்லேர்ந்து பதியணும்.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 6:54
ஹோட்டல் கோடு போயிருந்தா ஒரு ரூம்கூட திறந்திருக்காது. மத்த ரூமுக்கு இன்னைக்குப் போட்ட கார்டு திறக்குதா சார்? கம்ப்யூட்டர்ல தேதி என்ன காட்டுது?

குற்றாலம்_செல்வம் | 7:10
மத்த ரூமெல்லாம் திறக்கு. தேதி கரெக்டாத்தான் இருக்கு. நேத்து ஆடிட்டர் வந்து மாத்திட்டாரே.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 7:11
மாத்தினாரா? மாத்துறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?

குற்றாலம்_செல்வம் | 7:24
பில்லுல ஆகஸ்ட்னு விழுந்துட்டுன்னு சத்தம் போட்டாரு. ரிசப்ஷன் பையன்கிட்ட கேட்டேன். ஃபார்மட் போட்டு வந்த அன்னைக்கு மூலையில 7/8ன்னு காட்டிச்சாம், மாசம் தப்பா இருக்கேன்னு 8/7 ஆக்கிட்டானாம். சரி, அதுக்கும் கதவுக்கும் என்ன? ஆளுக கத்துறாங்க.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 7:41
அதுதான் சார் விஷயம். பொறுமையாப் படிங்க.

புதுசா ஏத்துன விண்டோஸ் அமெரிக்க முறையில மாசத்தை முன்னாடி போட்டுக் காட்டும். பையன் பார்த்த 7/8 சரியான தேதிதான், ஜூலை 8. அதை அவர் 8/7 ஆக்கினதும் கம்ப்யூட்டர் ஆகஸ்ட் 7க்குப் போயிடுச்சு. செவ்வாய்லேர்ந்து நேத்து ஆடிட்டர் வர்ற வரைக்கும் போட்ட அத்தனை கார்டுலயும் ஆகஸ்ட் தேதி.

உங்க கதவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல வயர் கிடையாது, வைஃபை கிடையாது. கவுண்டர்ல நீங்க செக்அவுட் அடிக்கிறது லாக்குக்குத் தெரியவே தெரியாது. கார்டுல என்ன எழுதியிருக்கோ அது மட்டும்தான் அதுக்குப் போற சேதி. இந்த மாதிரி லாக் ரெண்டு விஷயம் பார்க்கும். ஒண்ணு, கெடு முடிஞ்சிடுச்சா. இன்னொண்ணு, இந்தக் கார்டு எப்ப எழுதினது. கடைசியா ஏத்துக்கிட்ட கார்டைவிடப் பிந்தின நேரம்னா திறந்துட்டு, அந்த நேரத்தை ஞாபகத்துல வச்சுக்கும். முந்தின நேரம்னா "இது பழைய பார்ட்டி"ன்னு சிவப்பு. போன பார்ட்டி கார்டைத் திருப்பித் தராமப் போனாலும் நாம பயப்படாம இருக்கறது இதனாலதான், புது ஆள் ஒரு தடவை திறந்ததுமே பழசு செத்துடும்.

இப்ப 104ஐப் பாருங்க. புதன்கிழமை தங்கினவங்க கார்டுல ஆகஸ்ட் 8. லாக் அதைப் படிச்சுட்டு ஆகஸ்ட் 8ஐ ஞாபகத்துல வச்சிருக்கு. இன்னைக்கு நீங்க போடுறது ஜூலை 11. அதுக்கு இது பழைய கார்டு. காலி பண்ணிட்டுப் போனவங்க கார்டு இன்னும் திறக்கறதும் இதே கணக்குதான். லாக்குக்குள்ள ஓடுற கடிகாரம் ஜூலையில இருக்கு, கார்டோட கெடு ஆகஸ்ட்ல இருக்கு, முடிய இன்னும் நாள் கிடக்கு. மாஸ்டருக்கு இந்த வரிசைக் கணக்கு கிடையாது, அதான் திறக்குது.

ஒண்ணுமே செய்யாம விட்டா ஆகஸ்ட் 7, 8 வாக்குல அதுவாவே சரியாயிடும். ஆனா சீசன் நேரத்துல அது வரைக்கும் காத்திருக்க முடியாதே.

செய்ய வேண்டியது: முதல்ல விண்டோஸ்ல தேதி காட்டுற முறையை நாள், மாசம், வருஷம்னு நம்ம வழக்கத்துக்கு மாத்துங்க. இல்லைன்னா பையன் மறுபடி திருத்துவார். அப்புறம் சாஃப்ட்வேர்ல லாக்கோட கடிகாரத்தைச் சரி பண்ற டைம் கார்டு ஒண்ணு, அந்தந்த ரூமுக்கு ரூம் செட்டிங் கார்டு ஒண்ணு எழுதி அந்த மூணு கதவுலயும் காட்டுங்க. எங்க ஹோட்டல் லாக்குல ரூம் செட்டிங் கார்டைக் காட்டினா பழைய ஞாபகம் அழிஞ்சிடும். அதுக்கப்புறம் புது கெஸ்ட் கார்டு போடுங்க.

முக்கியமானது ஒண்ணு. கார்டு போட்ட லிஸ்ட்டை எடுத்து ஆகஸ்ட் தேதி விழுந்த ரூமெல்லாம் எதுன்னு பாருங்க. அந்தத் தேதிக் கார்டு வாங்கினவங்க இன்னும் தங்கியிருந்தா அவங்க கதவு இன்னைக்கு திறக்கும். அவங்க காலி பண்ணி அடுத்த ஆள் வந்ததும் இதே கதைதான்.

எலக்ட்ரானிக்ஸ்_மணி | 7:46
அருமைங்க. நான் இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்ல.

பூட்டு_பரமசிவம் | 7:52
நான் ஃபார்மட்லதான் கோளாறுன்னு அப்பவே சொன்னேன். சரி, இந்தக் கார்டு லாக்கே ஏமாத்து வேலை சார். பாதி லாட்ஜுல ஓடுற மைஃபேர் கிளாசிக் கார்டோட ரகசியக் கணக்கை 2008லயே நெதர்லாந்து பல்கலைக்கழகத்துல உடைச்சுட்டாங்க. 2024 மார்ச்ல சாஃப்லாக்ங்கற ஹோட்டல் கார்டு லாக் பத்தி வந்த சேதி தெரியுமா? முப்பது லட்சம் கதவு, 131 நாடு. அந்த ஹோட்டலோட ஏதாவது ஒரு கார்டு கையில இருந்தாப் போதும், ரெண்டு கார்டை எழுதிக் காட்டி எந்தக் கதவையும் திறக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க சொன்னாங்க. பித்தளைப் பூட்டுக்கு இந்தத் தொல்லை உண்டா?

எலக்ட்ரானிக்ஸ்_மணி | 7:58
பித்தளைச் சாவியை எதிர்த்த கடையில நிமிஷத்துல நகல் எடுத்துத் தருவானுங்களே. லாட்ஜ் சாவி ஒண்ணு தொலைஞ்சா யாரு பூட்டை மாத்தறாங்க? அடுத்த ஆளுக்கு மாத்துச் சாவியைக் குடுக்கறாங்க. ஆளுக்கு ஆள் சாவி மாறணும்ங்கறதுக்குத்தான் நார்வேக்காரர் டோர் சோர்னெஸ் 1970கள்ல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கார்டுப் பூட்டையே கொண்டு வந்தாரு. 32 இடத்துல ஓட்டை இருக்கலாம், இல்லாமப் போகலாம், போட்டுப் பாருங்க எத்தனை சாவி வருதுன்னு. அதுல பேட்டரியும் கிடையாது, தேதியும் கிடையாது.

பூட்டு_பரமசிவம் | 8:01
தேதி இல்லாததுனாலதான் அது நல்ல பூட்டு.

தென்காசி_அண்ணாச்சி | 8:06
அதெல்லாம் இருக்கட்டும். ரூமுக்குள்ள லைட்டு எரிய கார்டைச் சொருகுற பெட்டி ஒண்ணு இருக்கே, அதுல எங்க மச்சான் ரேஷன் கார்டைச் சொருகிட்டு ஏசியை ஓட விட்டு அருவிக்குப் போயிட்டாரு. அது எப்படி எரிஞ்சுது?

எலக்ட்ரானிக்ஸ்_மணி | 8:09
விலை குறைஞ்ச பெட்டிக்குள்ள வெறும் சுவிட்சுதாங்க அண்ணாச்சி. எதைச் சொருகினாலும் அமுங்கும். சிப்பைப் படிக்கற பெட்டி தனியா இருக்கு, விலை ஜாஸ்தி.

பூட்டு_பரமசிவம் | 8:12
அந்தப் பெட்டியும் ஏமாத்து வேலைதான்.

குற்றாலம்_செல்வம் | 8:47
திறந்துட்டு. கம்ப்யூட்டர் தேதியை ஆகஸ்ட் 10ன்னு வச்சு மூணு ரூமுக்கும் கார்டு அடிச்சோம், பச்சை வந்துட்டு. எல்லாருக்கும் நன்றி. கூட்டம் இருக்கு, அப்புறம் வாரேன்.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 8:49
சார், வேண்டாம்! நான் அதைச் சொல்லல. அந்த மூணு லாக்கும் இப்ப ஆகஸ்ட் 10ஐ ஞாபகம் வச்சுக்கும். தேதியைத் திருப்பி வைக்காம இன்னைக்கு ராத்திரி வர்றவங்களுக்குக் கார்டு போட்டா அந்த ரூம்களும் இதுல சேரும். பில்லும் ஆகஸ்ட்ல விழும், ஆடிட்டர் வந்து மறுபடி மாத்துவார், மறுபடி கதவு நிக்கும்.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 9:30
செல்வம் சார்?

தென்காசி_அண்ணாச்சி | சனி, காலை 7:20
நான் நேர்லயே போய்ட்டு வந்துட்டேம்மா. அவரு படுத்துத் தூங்குதாரு. ரிசப்ஷன் பையன்கிட்ட நீ எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். தேதியைச் சரி பண்ணிட்டான், மாசம் பின்னாடி வர்ற மாதிரியும் வச்சுட்டான். ரூம் செட்டிங் கார்டு எங்கலேன்னு கேட்டா, அப்படி ஒண்ணு இருக்கான்னு என்கிட்டயே கேக்கான்.

கீதா_ஃப்ரண்ட்ஆஃபீஸ் | 7:34
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அது தனியா வாங்குற கார்டு இல்ல. மேசையில இருக்கற வெறுங்கார்டு ஒண்ணை அதே மிஷின்ல வச்சு, சாஃப்ட்வேர்ல கெஸ்ட் கார்டுக்குப் பதிலா ரூம் செட்டிங்னு இருக்கறதைத் தொடச் சொல்லுங்க. பாஸ்வேர்டு கேட்டா செல்வம் சாரை எழுப்பித்தான் ஆகணும்.