மினி கூப்பரின் கூரை மட்டும் சுருங்கிவிட்டது: அவசர உதவி தேவை

மினிப்பித்தன் | சனி, இரவு 10:40

வணக்கம். 1/24 அளவில் ஒரு மினி கூப்பர் மாடல் கார் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1966ஆம் ஆண்டு மான்டே கார்லோ ராலி கார்ப் பந்தயத்தில் வென்ற வண்டியைப்போல உடல் சிவப்பு, கூரை வெள்ளை. இன்று மாலை, நிறத்துக்கு மேல் பூசும் நிறமற்ற பூச்சான கிளியரை அடித்தேன். பத்து நிமிடத்துக்குள் கூரை முழுவதும், காய்ச்சிய பாலின் மேல் படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கியதுபோலச் சுருங்கிவிட்டது. உடலில் ஒரு குறையும் இல்லை. கதவில் எண்கூட ஒட்டியாயிற்று. அடுத்த ஞாயிறு அக்காள் மகனின் பிறந்தநாளுக்கு இதைக் கொடுத்தாக வேண்டும். எப்படிச் சரிசெய்வது?

நெய்தல்வாசி | சனி, இரவு 11:05

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. அறையில் ஈரப்பதம் எத்தனை சதவீதம் இருந்தது? கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பூச்சின் பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து பூச்சைக் கெடுத்துவிடும். நான் கடலோரத்தில் இருப்பவன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடுவதே இல்லை. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உப்புத்தாள் | சனி, இரவு 11:31

ஈரப்பதமாக இருந்தால் கூரையோடு நின்றிருக்குமா? மாடலைக் கையில் எடுக்கும்போது நாம் எல்லோரும் கூரையைப் பிடித்துத்தான் தூக்குகிறோம். விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் அதிகம் ஒட்டும். பூசுவதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பால் உடலைக் கழுவினீர்களா? கையுறை அணிந்திருந்தீர்களா?

அளவுகோல் | ஞாயிறு, காலை 6:15

உதவி கேட்பவர்கள் தர வேண்டிய விவரங்களை இங்கே பலமுறை எழுதிவிட்டேன்; ஒருவரும் படிப்பதாகத் தெரியவில்லை. எந்தப் பெயின்ட், அடியில் என்ன பிரைமர், எத்தனை கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் எத்தனை மணி நேரம், காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷா ஸ்ப்ரே டப்பாவா என்ற ஐந்தையும் சொல்லாமல் "சுருங்கிவிட்டது" என்றால், நாடி பிடிக்கவிடாமல் மருந்து கேட்பதற்கு அது சமம்.

போகிற போக்கில் ஒரு திருத்தம். 1966இல் மினி வெல்லவில்லை. முதல் மூன்று இடங்களிலும் மினிகளே வந்து சேர்ந்தன என்பது உண்மைதான். ஆனால் முன்விளக்குகள் விதிப்படி இல்லை என்று மூன்றையும் தகுதிநீக்கம் செய்து, சிட்ரோயன் ஓட்டிய பாலி டோய்வோனனுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். மினி வென்ற ஆண்டுகள் 1964, 1965, 1967. எந்த வண்டியைக் கட்டுகிறோம் என்பதையாவது தெரிந்துகொண்டு பெட்டியைத் திறப்பது நல்லது.

மினிப்பித்தன் | ஞாயிறு, காலை 9:20

ஊர் திண்டுக்கல், ஒரு வாரமாக மழை இல்லை. சோப்பு போட்டுக் கழுவினேன். சாம்பல் பிரைமர், மூன்று கோட் சிவப்பு, இரண்டு கோட் கிளியர்; எல்லாம் ஒரே நிறுவனத்தின் லாக்கர் டப்பாக்கள். கோட்டுக்குக் கோட் ஒரு நாள் விட்டேன். ஆண்டைத் திருத்தியதற்கு நன்றி.

பட்டறைக்காரர் | ஞாயிறு, காலை 9:34

கூரையின் வெள்ளை எது, தம்பி?

மினிப்பித்தன் | ஞாயிறு, காலை 9:50

வெள்ளை டப்பா பாதியில் தீர்ந்துவிட்டது, அண்ணா. வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு அடித்து மீதமிருந்த வெள்ளை எனாமலை டர்பன்டைனில் கலந்து, வியாழக்கிழமை ஏர்பிரஷால் அடித்தேன். அது நன்றாகக் காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தபோது விரலில் ஒட்டவில்லை. அதனால்தான் அதைத் தனியாகச் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் | ஞாயிறு, காலை 10:25

தனியாகச் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். நிஜக் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில்; இந்த வேலை கெட்டு எங்கள் பட்டறைக்கு வரும் கதவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லாக்கர் காய்வது வேறு, எனாமல் காய்வது வேறு. லாக்கரில் கரைப்பான் பறந்துபோனால் வேலை முடிந்தது. மறுபடியும் அதே கரைப்பான் பட்டால் அது இளகும். ஆகவே லாக்கர்மேல் லாக்கர் அடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். எனாமலில் டர்பன்டைன் பறந்துபோவது முதல் கட்டம் மட்டுமே. அதன்பிறகு எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலிருந்து கீழாக மெல்ல இறுகும். அதற்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். நீங்கள் தொட்டுப் பார்த்தது மேல்தோலை. அடியில் இன்னும் பச்சையாக இருந்த எனாமலுக்குள் கிளியரின் கடுமையான கரைப்பான் இறங்கியதும், அந்தத் தோல் ஊறிப் பெருத்தது. பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் மேலே மடிந்துகொண்டது. நீங்கள் சொன்ன பாலாடை உவமை மிகச் சரியானது. சிவப்பு லாக்கர் என்பதால் உடல் தப்பித்தது.

லாக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலுக்கு மேல் லாக்கர் ஆகாது. சில எனாமல் ஸ்ப்ரே டப்பாக்களில், ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட்டை அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

இப்போது செய்ய வேண்டியது இது. மினியில் கூரைக்கும் உடலுக்கும் நடுவே மழைநீர் வடியும் விளிம்பு ஒன்று சுற்றி ஓடுகிறதல்லவா, அதை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி, கீழ்ப்பகுதியை முழுவதும் மூடிவிடுங்கள். 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, கூரையின் மேலுள்ள கிளியர் தோலை மட்டும் கிழியவிடுங்கள். பிறகு காதுக்குச்சியை டர்பன்டைனில் தோய்த்துத் தேய்த்தால், இன்னும் இறுகாத எனாமல் கரைந்து வந்துவிடும். அடியிலுள்ள சிவப்பு லாக்கரை டர்பன்டைன் ஒன்றும் செய்யாது. இதை இன்றே செய்யுங்கள். எனாமல் இறுக இறுக வேலை கடினமாகும். ஆத்திரத்தில் லாக்கரைக் கரைக்கும் என்.சி. தின்னரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது பெயின்டோடு சேர்த்துப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் உடலையும் கரைத்துவிடும்.

உப்புத்தாள் | ஞாயிறு, காலை 11:10

நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். பச்சையாக இருக்கும் பூச்சைத் தேய்த்தால் அது உருண்டு திரண்டு தாளை அடைத்துவிடும். இரண்டு வாரம் அப்படியே விட்டு, கல்போல இறுகியபின் சமமாகத் தேய்ப்பதே பாதுகாப்பான வழி.

வேட்டைக்காரன்புதூரான் | ஞாயிறு, பகல் 12:02

பிறந்தநாள் அடுத்த ஞாயிறு என்று அவர் எழுதியிருக்கிறாரே! எதற்கு இத்தனை சுற்று? முழு உடலையும் ஒரு டப்பாவில் போட்டு, மூழ்கும்வரை டெட்டால் ஊற்றி ஓரிரவு விட்டுவிட்டால், காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

அளவுகோல் | ஞாயிறு, பகல் 12:40

டெட்டால் அக்ரிலிக் பெயின்டுக்குப் பெயர்பெற்றது. லாக்கரிடம் அது எளிதில் செல்லாது. போதாததற்கு, இளகிய பெயின்டின்மேல் தண்ணீர் பட்ட உடனே எல்லாம் பிசின்போலத் திரண்டு கதவிடுக்குகளில் அப்பிக்கொள்ளும் என்பதை இவர் எழுதவில்லை. உடலை முழுதாக உரிப்பதென்றால் பிரேக் ஆயில்தான் வழி. அதுவும் கிளைக்கால் வகையான டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 சிலிகான் வகை. அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயின்டும் ஒழுங்காகப் படியாது.

வேட்டைக்காரன்புதூரான் | ஞாயிறு, பகல் 1:15

முதலில் டெட்டாலிலேயே கழுவிவிட்டுக் கடைசியில் தண்ணீருக்குப் போனால் ஒன்றும் திரளாது. இப்படி ஏழெட்டு உடல்களை உரித்திருக்கிறேன். பிள்ளைகள் உள்ள வீட்டில் பிரேக் ஆயிலைத் திறந்து வைக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவுகோல் | ஞாயிறு, பகல் 1:48

இரண்டுமே இவருக்குத் தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் நன்றாகத்தானே இருக்கிறது? பட்டறைக்காரர் சொல்வதில் வேதியியல் சரி. ஆனால் நிஜக் காரின் கணக்கைச் சிற்றளவுக்குக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிஜக் காரில் மொத்தப் பூச்சு 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) கனம் இருப்பது சாதாரணம். அதே 100 மைக்ரானை 1/24 மாடலில் அடித்தால், முழு அளவில் அது 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். மழைநீர் விளிம்பே மூழ்கிவிடும். ஆகையால் சிவப்பின் மேலேயே மறுபடியும் வெள்ளையைக் குவிக்காமல், கூரையின் சிவப்பையும் தேய்த்து மெலிதாக்கியபின் அடிக்க வேண்டும்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, மாலை 4:05

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சிவப்பின்மேல் நேரடியாக வெள்ளை லாக்கர் அடித்தால் சிவப்பு ஊறி மேலே வந்து ரோஜா நிறம் காட்டக்கூடும். நடுவே வெள்ளி நிறத்தை மெல்லியதாக ஒரு கோட் அடித்துத் தடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வெள்ளையை முதலில் அடித்து, காய்ந்தபின் கூரையை மூடிவிட்டுச் சிவப்பை அடித்தால் இந்தத் தொல்லையே வராது. உப்புத்தாள் நண்பர் சொல்லும் இரண்டு வாரக் கணக்கும் தவறில்லை. இவரிடம் இரண்டு வாரம் இல்லை, அவ்வளவுதான்.

மினிப்பித்தன் | வெள்ளி, இரவு 9:12

டர்பன்டைன் வேலை செய்தது. காதுக்குச்சி அறுபதுக்கு மேல் செலவாயிற்று. விளிம்பின் ஓரங்களில் மட்டும் இறுகிவிட்ட எனாமலைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். வெள்ளிக்கு மேல் வெள்ளை லாக்கர் அடித்து, நேற்றுக் கிளியரும் முடிந்தது. முன்பக்கக் கண்ணாடிக்கு மேலே கடுகளவு ரோஜா நிறம் தெரிகிறது. சூரியத்தடுப்பு ஒட்டுப்படம் ஒன்றை அங்கே ஒட்டிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

நெய்தல்வாசி | வெள்ளி, இரவு 10:30

மகிழ்ச்சி. ஆயினும் கிளியர் அடித்த சனிக்கிழமை அறையின் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்பதை நீங்கள் கடைசிவரை சொல்லவே இல்லை.