பத்து வயதுப் பிள்ளைக்கு டபுள் பேஸ்: வாடகைக்கு எடுப்பதற்கு முன், தந்தி வாங்குவதற்கு முன்

கேள்வி (உம்லாங்கா, டர்பன்)

வணக்கம். கணவரின் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து டர்பனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மகனுக்குப் பத்து வயது. பள்ளி இசைக்குழுவில் டபுள் பேஸ் (வயலின்போல் வில்லால் வாசிக்கும் மிகப் பெரிய வாத்தியம்) வாசிக்க ஆள் இல்லை என்று அவனைச் சேர்த்துவிட்டார்கள். அவனுக்கும் ஆசைதான். பள்ளியில் இருக்கும் வாத்தியத்தை வீட்டுக்குத் தர மாட்டார்களாம். வாடகைக்கு ஒன்று எடுத்து, நல்ல தந்தியும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் இந்த வாத்தியத்தைத் தொட்டதுகூட இல்லை. முக்கால் அளவு எடுத்தால் பெரியவனாகும்வரை கவலையில்லை என்கிறார் கடைக்காரர். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் (டர்பன், பழைய குடியேறி)

அன்புத் தங்கைக்கு, முக்கால் அளவை மட்டும் எடுக்காதீர்கள். மீதியை நிதானமாகச் சொல்கிறேன்.

முக்கால் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ சிறுவர் அளவு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் உலகம் முழுவதும் பெரியவர்கள் வாசிப்பதே பெரும்பாலும் முக்கால் அளவுதான். முழு அளவு வாத்தியம் அரிது. முக்கால் அளவில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 106 செ.மீ. அரை அளவில் சுமார் 97, கால் அளவில் சுமார் 90. பார்வைக்கு இது சிறிய வித்தியாசம், பிள்ளையின் இடது கைக்குப் பெரிய வித்தியாசம். இந்த வாத்தியத்தில் ஆட்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே ஒரு முழு சுர இடைவெளி அடங்க வேண்டும். கழுத்தின் மேல்பக்கத்தில் கை தொடங்கும் முதல் நிலையில் அது முக்கால் அளவில் பத்து செ.மீ.க்கு மேல் வரும். கால் அளவில் ஒன்பதுக்கும் குறைவு. உங்கள் மகனின் கையை மேசைமேல் விரித்து வைத்து, ஸ்கேலால் ஒருமுறை அளந்து பாருங்கள். கடைக்காரர் சொல்வது சரியா தவறா என்று அந்தக் கையே சொல்லிவிடும்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் நாங்கள் செய்த தவறு இதுதான். அப்போது ஜொஹானஸ்பர்கின் வடக்கே மிட்ராண்டில் இருந்தோம். வளருகிற பிள்ளை என்று பாவாடையில் டக் வைத்துத் தைப்பதில்லையா, அந்த எண்ணத்தில் முக்கால் அளவை எடுத்துவிட்டோம். இரண்டே மாதத்தில் அவளுடைய இடது தோள் காதை நோக்கி ஏறிவிட்டது. வகுப்பு இருக்கும் புதன்கிழமைகளில் காலையிலேயே வயிறு வலிக்கிறது என்பாள். சோம்பல் என்று நினைத்து அதட்டினேன். ஒருநாள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டவள் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் விரல் நுனிகளைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலில் தோல் உரிந்து ரத்தக் கட்டாக இருந்தது. மிளகாய்க் காரம் பட்டு எரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் அழுததை அவள் இன்னும் மறக்கவில்லை.

பத்து வயதுக்குக் கால் அளவோ அரை அளவோ பொருந்தும். எது என்பதைக் கடையில் அவனை நிறுத்தித்தான் முடிவு செய்ய வேண்டும். வாத்தியத்தைத் தரையில் ஊன்றும் அடிக்கம்பியைச் சரிசெய்து, தந்திகள் தொடங்கும் மேல்முனை ஏறக்குறைய அவனுடைய புருவத்துக்கு நேராக வரும்படி வையுங்கள். பிறகு வலது கையில் வில்லைக் கொடுத்துக் கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். விரல்பலகை முடியும் இடத்துக்கும் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரைக்கும் நடுவே வில் தானாகப் போய் நிற்க வேண்டும். அதற்காக அவன் குனிந்தாலோ முதுகை வளைத்தாலோ அது அவனுடைய அளவு இல்லை. ஓரிரு ஆண்டுகளில் அடுத்த அளவு தேவைப்படும். வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே அதற்காகத்தான். அளவை மாற்றிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மரம். மேற்பலகையும் முதுகும் முழு மரத்தில் செதுக்கியவை ஒரு வகை; ஒட்டுப்பலகையில் செய்தவை இன்னொரு வகை. செதுக்கியதற்கு நாதம் அதிகம், சந்தேகமில்லை. ஆனால் வாடகைக்கு, அதுவும் பிள்ளைக்கு என்றால், ஒட்டுப்பலகையையே கேட்டு எடுங்கள். இந்த நாட்டில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஜொஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே முதல் ஆகஸ்ட் வரை மழையே இல்லாத வறட்சி. உதடு வெடிப்பதுபோல் மரமும் வெடிக்கும். எங்கள் வாத்தியம் ஒரு ஜூலை இரவில், யாரும் தொடாமலே, பட்டென்று சத்தம் எழுப்பியது. காலையில் பார்த்தால் மேற்பலகையில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. எங்கள் கவனக்குறைவு என்று கடையில் சொல்லிவிட்டார்கள். முன்பணம் போயிற்று. எடுத்த அன்று ஒரு புகைப்படம்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை; எதைக் காட்டி வாதாடுவது?

நீங்கள் அதைச் செய்துவிடுங்கள். விளிம்புகள், கழுத்தும் உடலும் சேரும் இடம், மேற்பலகையின் எஃப் வடிவத் துளைகளைச் சுற்றியுள்ள பகுதி, குதிரையின் கால்கள், முதுகு ஆகிய எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து அன்றைக்கே கடைக்கு அனுப்பிவிடுங்கள். முகவரிச் சான்றும் வங்கி அறிக்கையும் கேட்பார்கள்; புதிதாக வந்தவர்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டு போவது நல்லது. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதால், டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வாத்தியம் யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் கேளுங்கள். வீட்டுப் பொருள் காப்பீடு இருந்தால், வெளியே எடுத்துச் செல்லும் பொருள்களுக்கான ‘ஆல் ரிஸ்க்’ பிரிவில் இதைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். காருக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட.

டர்பனில் பிரச்சினை நேர்மாறானது. கோடையில் ஈரக்காற்று ஏறியதும் மேற்பலகை உப்பும், குதிரை உயரும், தந்தி விரல்பலகையை விட்டு மேலே போகும். நேற்று எளிதாக அழுத்திய பிள்ளை இன்று திணறுவான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த குதிரை இருக்கும் வாத்தியமாகப் பாருங்கள். நம் வீணைக்கும் வயலினுக்கும் சொல்லும் அதே குதிரைதான் இதுவும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். தந்தியின் பெயரைக் கேட்பதற்கு முன் தந்தியின் உயரத்தைக் கேளுங்கள். டர்பனுக்கு மாறியபின் வாத்தியம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் மகளின் அரை அளவு வாத்தியத்தைக் கொண்டு போனோம். அவர் வாசித்துப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து சிறிய இரும்பு ஸ்கேலை எடுத்து, விரல்பலகை முடியும் இடத்தில் தந்திக்கு அடியில் நிறுத்தினார். தடித்த ஈ தந்தி 14 மில்லிமீட்டர், மெல்லிய ஜி தந்தி 11. ஒன்றும் பேசாமல் குதிரையைக் கழற்றி, மேல்விளிம்பை இழைத்து, திரும்பவும் நிறுத்தினார். இப்போது ஈ 9, ஜி 6. மகள் ஏ தந்தியை வில்லால் ஒருமுறை இழுத்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மாலை வீட்டில் அவள் அதே தந்தியை வாசித்தபோது அலமாரியில் இருந்த டபராவும் டம்ளரும் கூடவே கிணுகிணுத்தன. ஒரு தந்தியும் மாற்றவில்லை; அதற்கு முன்பு கழுத்தை நெரிப்பதுபோல் அழுத்திக்கொண்டிருந்த அதே தந்திகள்தான்.

இனி தந்தி. நான்கு தந்திகளும் ஈ, ஏ, டி, ஜி. ஒவ்வொன்றும் முந்தையதற்கு மத்தியமம். வயலினில் பஞ்சம இடைவெளி, இதில் மத்தியம இடைவெளி. அடியில் உள்ள ஈ நொடிக்கு 41 அதிர்வு மட்டுமே. நம் காதுக்கு அநுமந்திரத்துக்கும் கீழே உறுமுவதுபோல் இருக்கும். பெரியவர் அளவில் ஒவ்வொரு தந்தியையும் ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ இழுவிசையில் முறுக்கி வைத்திருக்கிறோம். பிள்ளையின் விரல் அதோடு மல்லுக்கு நிற்கிறது. அதனால் இழுவிசை குறைந்த தந்தியையே வாங்குங்கள்; மென்மை என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் ‘வைஷ்’ என்று உறையில் போட்டிருப்பார்கள், இல்லையேல் ‘லைட்’ என்று இருக்கும்.

ஆட்டுக்குடல் தந்தி பழைய முறை. அதன் நாதம் மிகவும் இனியது. ஆனால் விலையும் அதிகம், டர்பன் ஈரத்தில் சுருதியும் நிற்காது. பிள்ளைக்கு வேண்டாம். எஃகுதான் சரி. அதிலும் ஒற்றைக் கம்பியாக இல்லாமல் பல இழைகளை முறுக்கிய உள்கம்பி கொண்டவை விரலுக்கு இதமாக இருக்கும். டி’அடாரியோவின் ‘ஹெலிகோர் ஆர்க்கெஸ்ட்ரல்’ அப்படிப்பட்டது. சிறிய அளவுகளுக்கும் வருகிறது. எங்கள் மகளுக்கு அதைத்தான் போட்டோம், இன்றும் திருப்தி. வியன்னாவின் தோமாஸ்டிக் செய்யும் ‘ஸ்பிரோகோர்’ ஜாஸ் வாசிப்பவர்களுக்கு உயிர். விரலால் மீட்டினால் ஒலி நீண்டு நிற்கும். ஆனால் புதிதாகப் போட்டபோது வில்லுக்குக் கரகரக்கும். தொடக்க மாணவன் தன் வில்லே சரியில்லை என்று மனம் உடைந்துபோவான். ‘சோலோ’ என்று எழுதிய தந்தியைத் தவறியும் வாங்க வேண்டாம். அது ஒரு முழு சுரம் மேலே சுருதி சேர்க்கச் செய்தது.

வாத்தியத்தின் அளவும் தந்தியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முக்கால் அளவுத் தந்தியைக் கால் அளவில் மாட்டி அதே சுருதிக்குச் சேர்த்தால், நீளம் குறைந்ததால் இழுவிசை நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிடும். பழைய கட்டில் கயிறுபோல் தொளதொளக்கும். கடையில் இருப்பு இல்லை, இதுவே போதும் என்று சொன்னால் காத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது ஒவ்வொரு தந்தியாக மாற்ற வேண்டும். நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் குதிரை விழும். உள்ளே மேற்பலகைக்கும் முதுகுக்கும் நடுவே ஒட்டாமல் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சியும் சாய்ந்துவிடும். அதை நிறுத்த வீட்டில் நம்மால் முடியாது.

பதில் (ஜொஹானஸ்பர்க்)

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குளிர்காலத்தில் ஹீட்டர் இருக்கும் அறையில் வாத்தியத்தை வைக்காதீர்கள். அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளக்கச் சிறு கருவி கிடைக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது சோர்ந்துபோனால், சொவேட்டோ டீப்க்ளூஃபில் 1997 முதல் இயங்கும் ‘பஸ்கெய்ட்’ இசைப் பள்ளியின் கச்சேரிக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். தம் வயதுப் பிள்ளைகள் வாசிப்பதைப் பார்ப்பதற்கு நிகர் இல்லை.

கேள்வி (உம்லாங்கா)

மிக்க நன்றி அக்கா, அண்ணா. கடைக்குப் போய் நிறுத்திப் பார்த்தோம். கால் அளவுதான் பொருந்தியது. வில் இரண்டு வகை காட்டினார்கள், எதை எடுப்பது? காரில் எப்படிக் கொண்டுபோவது?

பதில் (டர்பன், பழைய குடியேறி)

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது தங்கையே. வில்லைப் பொறுத்தவரை ஆசிரியர் எதைப் பிடிக்கிறாரோ அதையே எடுங்கள். மேலிருந்து பிடிப்பது பிரெஞ்சு வில், பக்கவாட்டில் கைகொடுப்பதுபோல் பிடிப்பது ஜெர்மன் வில். இரண்டிலும் பெரிய கலைஞர்கள் இருக்கிறார்கள். பாதியில் மாற்றுவதுதான் பிள்ளைக்குச் சிரமம்.

காரில் பின்னிருக்கையை மடித்து, விலாப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, கழுத்து முன்னிருக்கைகளின் நடுவே வரும்படி வையுங்கள். குதிரைமேல் பாரம் விழவே கூடாது. வில்லுக்குத் தடவும் ரோசின் கட்டியை மட்டும் காரில் விடாதீர்கள். பேஸ் ரோசின் வயலினுக்கு உள்ளதைவிட மென்மையானது. டர்பன் வெயிலில் தேன்போல் உருகி ஓடும். எங்கள் மகளின் பள்ளி ஸ்வெட்டர் ஒன்று அப்படியே போயிற்று.

அவனுக்கு இசைக்குழு மட்டுமே உலகம் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டுப் பேஸ் வாசிப்பாளர்களில் ஜானி டயானி (1945–1986) என்றொருவர் இருந்தார். ‘ப்ளூ நோட்ஸ்’ ஜாஸ் குழுவோடு 1964இல் நாட்டைவிட்டு வெளியேறிய இளைஞர். அவர் வாசிப்பதை ஒரு மாலை அவனோடு உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தலைமுறையின் பேரர் ஒருவர் இருக்கிறார், தமிழ் கொஞ்சம்தான் வரும். மகளின் வாத்தியத்தை முதன்முதலில் பார்த்தபோது, சிறுவயதில் தாத்தாவோடு விடிய விடியப் பார்த்த தெருக்கூத்தைப் பற்றிச் சொன்னார். இங்கே அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர். அன்றிலிருந்து அவள் வாசிக்கும்போது வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார்.

ஒன்று விட்டுவிட்டேன். புதுத் தந்தி போட்டதும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாகச் சுருட்டி, காகிதத்தில் பெயர் எழுதிக் கட்டி, வாத்தியப் பையின் வெளிப்பையில் போட்டு வையுங்கள். ஜி தந்தி அறுவது எப்போதும் கச்சேரிக்கு முந்தின நாள்தான். சிறிய அளவுத் தந்தி அன்றைக்கே கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.