‘லாஸ் அண்ட் டேமேஜ் ஃபண்ட்’ = இழப்பீட்டு நிதி?

குழுவினருக்கு வணக்கம்.

காலநிலை மாநாட்டுச் செய்திகளில் ‘லாஸ் அண்ட் டேமேஜ் ஃபண்ட்’ என்று வருகிறது. காலநிலை மாற்றத்தால் தீங்குக்குள்ளாகும் ஏழை நாடுகளுக்கு உதவ ஏற்பட்டது அது. அதற்கு ‘இழப்பீட்டு நிதி’ என்று எழுதிவிடுவது எளிது. சுருக்கமாக இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிறது. சூழலியல் சொற்பட்டியலில் அதையே சேர்த்துவிடலாமா?

---

> அதையே சேர்த்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. இழப்பீடு என்றால் கெடுத்தவர் கொடுக்கக் கடமைப்பட்ட தொகை. அந்தப் பொருள் வந்துவிடக் கூடாது என்றுதான் பணக்கார நாடுகள் இத்தனை ஆண்டு மல்லுக்கட்டின.

கடல்மட்ட உயர்வுக்கு ஒரு பன்னாட்டுக் காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று சிறுதீவு நாடுகளின் கூட்டணிக்காக வனுவாட்டு 1991இலேயே கேட்டது. அது ஏற்கப்படவில்லை. 2013இல் இந்த இழப்பையும் சேதத்தையும் கவனிக்க வார்சா செயல்முறை என்ற ஐ.நா. ஏற்பாடு வந்தது, ஆனால் அதில் நிதியம் இல்லை. 2015 பாரிஸ் ஒப்பந்தம் 8ஆம் பிரிவை இதற்கென்றே ஒதுக்கியது. அந்த ஒப்பந்தத்தோடு நிறைவேறிய முடிவின் 51ஆம் பத்தியோ, அந்தப் பிரிவு எந்தச் சட்டப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை ஆகாது என்று சொல்லிவிட்டது. 2022இல் ஷர்ம் அல்-ஷேக்கில் நிதியம் அமைக்க இசைந்தபோதும் அந்தப் பத்தி அப்படியே இருந்தது. நாம் ‘இழப்பீட்டு நிதி’ என்று எழுதினால், ஏழை நாடுகள் கேட்டும் பெறாத ஒன்றைப் பெற்றுவிட்டதாக வாசகர் நினைப்பார்.

அந்தச் சொல் வேறோர் இடத்துக்குத் தேவைப்படுகிறது. காலநிலைக் கடமையை மீறிய நாடு, மீறலுக்கும் தீங்குக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டால், இழப்பீடு உட்பட ஈடுசெய்ய வேண்டிவரலாம் என்று பன்னாட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில் ஆலோசனைக் கருத்து சொன்னது. அங்கே ‘இழப்பீடு’ சரி.

இங்கே ‘இழப்பும் சேதமும்’ போதும். ஃபண்டுக்கு நிதியம் என்றே வைப்போம். நிதி என்பது ஃபைனான்ஸுக்கு வேண்டும்.

---

‘இழப்பும் சேதமும்’ எனக்கும் உடன்பாடு. ஆனால் இரண்டு சிக்கல்கள்.

காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் ஆங்கில அறிக்கைகளில் இந்தத் தொடர் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பேச்சுவார்த்தைத் தடம், அதாவது நாடுகள் இதைப் பற்றி நடத்தும் பேச்சு. சிறிய எழுத்தில், பன்மையில் வந்தால் நிகழ்ந்த, நிகழக்கூடிய தீங்குகள். தமிழில் பெரிய எழுத்து ஏது?

இரண்டாவது இதைவிட வம்பு. பேரிடர்க் கணக்கெடுப்பில் இந்த இரண்டு சொற்களுக்கும் தனித்தனி வரையறை உண்டு. இடிந்த வீடு, உடைந்த பாலம், அடித்துச் செல்லப்பட்ட மோட்டார் ஆகியவற்றை மாற்ற ஆகும் செலவு டேமேஜ். சிந்து மாகாணத்தில் மாதக்கணக்கில் வெள்ளம் வடியாமல் கோதுமை விதைக்க முடியாமல் போன வருமானம் லாஸ். பாகிஸ்தானின் 2022 வெள்ளத்துக்கு முன்னது 1,490 கோடி டாலர், பின்னது 1,520 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பவர் ஒரு பத்தியில் நட்டம், அடுத்ததில் பாதிப்பு, பிறகு இழப்பு என்று மாற்றி மாற்றி எழுதினால் எந்த எண் எதற்கு என்பதே தெரியாது.

பேச்சுவார்த்தைப் பேச்சில் பலர் லாஸ் என்பதை மீளாதது என்றும் டேமேஜ் என்பதைச் சரிசெய்யக்கூடியது என்றும் பிரிப்பார்கள். ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட வரையறை கிடையாது. ஆகவே அந்தப் பிரிவினையைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

(2023இல் துபாயில் இந்த நிதியத்துக்கு நாடுகள் எல்லாம் சேர்ந்து தருவதாக உறுதியளித்தது ஏறத்தாழ 70 கோடி டாலர். பாகிஸ்தானின் அந்த 1,490 கோடியில் இருபதில் ஒரு பங்கு அளவு!)

---

> தமிழில் பெரிய எழுத்து ஏது?

உம்மைத்தொகை இருக்கிறதே. தடத்தைக் குறிக்க ‘இழப்புசேதம்’ என்று ஒரே சொல்லாக எழுதலாம். நேர்ந்த தீங்குகளுக்கு ‘இழப்புகளும் சேதங்களும்’. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவே ‘ச்’ போடக் கூடாது. ‘இழப்புச்சேதம்’ என்றால் இழப்பால் வந்த சேதம் என்று பொருள் திரிந்துவிடும். மெய்ப்புத் திருத்துபவர்கள் பழக்கத்தில் ஒற்றைச் செருகுவார்கள், பட்டியலிலேயே குறிப்புப் போட்டுவிடுங்கள்.

---

சேதம் வடசொல். ‘சிதைவு’ ஆகாதா?

---

ஆகும்தான், ஆனால் பயிர்ச்சேதம் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நகைக்கடைச் சேதாரத்தோடு யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. சிதைவு என்றால் மெல்ல மெல்ல நைந்து போவதும் நினைவுக்கு வரும், புயலில் கூரை பறப்பதற்கு அது பொருந்தவில்லை.

---

அப்படியானால் பட்டியலில் இப்படிப் போடுகிறேன்:

இழப்புசேதம் – பேச்சுவார்த்தைத் தடம். (‘ச்’ மிகாது.)
இழப்புகளும் சேதங்களும் – நேர்ந்த, நேரக்கூடிய தீங்குகள்.
சேதம் / இழப்பு – பேரிடர் மதிப்பீட்டில் முறையே சொத்து, வருமானம். இடம் மாற்றக் கூடாது, ஒத்த சொல் போடக் கூடாது.
இழப்புசேத நிதியம் – ‘இழப்பீட்டு நிதி’ அன்று.

‘நான்-எகனாமிக் லாஸ்’ (non-economic loss), அதாவது பணத்தில் அளக்க முடியாத இழப்பு, மிச்சம். துவாலு போன்ற தீவுகளில் இடுகாடு கடலுக்குள் போவது, ஊரே வேறு நாட்டுக்குப் பெயர்வதால் மொழி தேய்வது போன்றவை அதில் அடங்கும். ‘பொருளாதாரமல்லாத இழப்பு’ என்பது நாக்கில் நிற்கவில்லை. ‘விலையில்லா இழப்பு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். தமிழ்நாட்டில் விலையில்லா மிக்சி, விலையில்லா அரிசிக்குப் பிறகு அதை இலவசம் என்றுதான் படிப்பார்கள். ‘பணமதிப்பற்ற’ என்றாலோ மதிப்பே இல்லாதது போலாகிவிடும். ‘விலைமதிக்கவியலா இழப்பு’ நீளம்தான், பொருள் மட்டும் சரியாக இருக்கிறது. இதைவிடக் குறுகியது யாரிடமாவது உண்டா?