சுடுவதை நிறுத்தினால் எதிரி நம் பக்கம் வந்துவிடுகிறான்: சூப்பர் ஃபாமிகாம் மேக்ராஸ் கேசட்டில் கோளாறா?

ஓசாகாவாசி:

வணக்கம். பழைய கேசட் விவகாரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

போன மாதம் ஓசாகாவின் நிப்பொன்பாஷியில் ஒரு பழைய பொருள் கடையில், 'ஜங்க்' என்று எழுதி வைத்திருந்த கூடைக்குள் கையை விட்டுத் துழாவியபோது சூப்பர் ஃபாமிகாம் (நிண்டெண்டோவின் பழைய டிவி கேம் பெட்டி) கேசட் ஒன்று கிடைத்தது. இங்கே ஜங்க் என்று எழுதியிருந்தால் ஓடினால் உங்கள் யோகம், ஓடாவிட்டால் உங்கள் தலையெழுத்து. திருப்பிக் கொடுக்க முடியாது. கேசட்டின் அட்டைப்பெட்டி, கையேடு எதுவும் இல்லை. மேலே இருந்த கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததில் 'மகுரோசு' என்று வந்தது. தேடிப் பார்த்தால், மேக்ராஸ் என்ற ரோபோ கார்ட்டூன் தொடரை வைத்து 1993-இல் வந்த 'ஸ்க்ராம்பிள்ட் வால்கிரி'. போர் விமானம் பக்கவாட்டில் பறந்து சுட்டுக்கொண்டே போகிற ஆட்டம். தொடரை நான் பார்த்ததில்லை.

பிரச்சினைக்கு வருகிறேன். பத்து முறை சுவிட்சைப் போட்டால் ஆறு முறை திரை கறுப்பாகவே இருக்கிறது. இரண்டு முறை கலர் கலராகக் கட்டம் கட்டமாக வருகிறது. மீதி இரண்டு முறை ஒழுங்காக ஓடுகிறது. ஓடும்போதும் ஒரு வினோதம். கை வலிக்கிறதே என்று சுடுவதைச் சற்று நிறுத்தினால் விமானத்தைச் சுற்றி ஒரு ஒளி வருகிறது. அந்த நேரத்தில் எதிரி மேல் மோதினால் நான் சாகவில்லை. எதிரி என் பின்னால் ஒட்டிக்கொண்டு, தன் கூட்டாளிகளையே சுட ஆரம்பிக்கிறான்! இதுவும் எப்போதும் நடப்பதில்லை. சில நாள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ஒருவன்கூட வருவதில்லை. ஆட்டம் பதிந்திருக்கும் ரோம் சிப் கெட்டுப்போய் இப்படி ஆகுமா?

இன்னொன்று, திரையின் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு மங்கலான கோடு தெரிகிறது. அடுத்த மாதம் ஊருக்குத் திரும்புகிறேன், திருச்சி. இந்தப் பெட்டி அங்கே 230 வோல்ட்டில் ஓடுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஊதிப்போடு_உதயன்:

ப்ரோ, கேசட்டைக் கழற்றி அடியில் நன்றாக ஊதிவிட்டுப் போடுங்கள். சின்ன வயதில் வீட்டில் இருந்த டிவி கேமுக்கு நான் செய்த ஒரே வைத்தியம் இதுதான். எதிரி பின்னால் வருவது ரோம் கோளாறாகத்தான் இருக்கும். எந்த ஷூட்டிங் கேமில் எதிரி நம் கட்சிக்குத் தாவுவான்?

சால்டரிங்சாமி:

உதயன், உங்கள் மேல் கோபமில்லை, நானும் ஊதி வளர்ந்தவன்தான். ஆனால் வாயிலிருந்து போவது காற்று மட்டுமில்லை, ஈரமும் சேர்ந்து போகிறது. பின்கள் மெல்ல மெல்லக் கறுப்பது அப்படித்தான். ஊதினால் வேலை செய்வது போலத் தோன்றுவதற்குக் காரணம், கேசட்டை எடுத்து மறுபடி செருகும்போது பின்கள் உரசிக்கொள்வது. ஊதாமல் எடுத்துப் போட்டாலும் பாதி நேரம் ஓடும்.

ஓசாகாவாசி தம்பிக்கு முதலில் ஒரு கேள்வி. வேறு கேசட் கையில் இருக்கிறதா? அது ஒவ்வொரு முறையும் ஒழுங்காக ஓடினால் பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது, கோளாறு இந்தக் கேசட்டில். எல்லாக் கேசட்டும் மக்கர் செய்தால் பெட்டிக்குள் இருக்கும் ஸ்லாட்டைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள்.

ஓசாகாவாசி:

மரியோ கேசட் ஒன்று இருக்கிறது அண்ணா. இப்போது இருபது முறை போட்டுப் பார்த்தேன், இருபது முறையும் வந்தது. நடுக்கோடு மட்டும் அதிலும் தெரிகிறது.

சால்டரிங்சாமி:

அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது. கேசட் பின்களில் அழுக்கு, அவ்வளவுதான்.

கறுப்புத் திரைக்கும் கலர் கட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு. சூப்பர் ஃபாமிகாமில் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப், கேசட்டுக்குள் ஒரு பூட்டுச் சிப். இரண்டும் சங்கேதம் பேசிக்கொண்டு ஒத்துப்போனால்தான் பெட்டி ஓட ஆரம்பிக்கும். அந்தப் பின்களில் தொடர்பு இல்லாவிட்டால் ரீசெட்டிலேயே நின்றுவிடும், திரை கறுப்பு. பூட்டு ஒத்துப்போய், தரவுப் பின்னோ முகவரிப் பின்னோ ஒன்றிரண்டு சரியாகப் பிடிக்காவிட்டால் ரோமிலிருந்து தப்பான தரவு வந்து படம் கட்டம் கட்டமாகச் சிதறும். கேசட் செருகும் ஸ்லாட்டில் மொத்தம் 62 பின்கள், சாதாரணக் கேசட்டில் 46. எந்தப் பின் எந்த நேரம் கழுத்தறுக்கும் என்று சொல்ல முடியாது.

அங்கே எந்த மருந்துக்கடையிலும் 'முசுய் எத்தனால்' கேளுங்கள், தண்ணீர் கலக்காத சாராயம், புட்டியில் கொடுப்பார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியில் நனைத்துப் பின்களின் இரண்டு பக்கமும் தேயுங்கள். குச்சி கறுப்பாகும். கறுப்பு வராத வரை புதுக் குச்சி மாற்றிக்கொண்டே இருங்கள். முழுசாகக் காய்ந்த பிறகு போடுங்கள். கேசட்டைத் திறக்க வேண்டுமென்றால் சாதாரண ஸ்க்ரூடிரைவர் நுழையாது, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும். பெட்டிக்கு 4.5. பென்சில் அழிப்பான் வேண்டாம், மேலே உள்ள தங்கப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்துவிட்டு என்னிடம் அழுதவர்கள் உண்டு, அந்தக் கதை வேண்டாம்.

எதிரி கட்சி மாறும் விஷயம் எனக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பற்றித் தெரிந்த யாராவது வாருங்கள்.

மிலியாரசிகை:

வந்துவிட்டேன். தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை, மன்னியுங்கள். அது கோளாறே இல்லை. அந்த ஆட்டத்தின் உயிரே அதுதான். கையேடு இல்லாததால் உங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

சில நொடிகள் சுடாமல் இருந்தால் விமானம் ஒளிரும். அந்த ஒளியோடு சில வகை எதிரிகளைத் தொட்டால் அவர்கள் உங்கள் பக்கம் வந்து, தங்கள் சொந்த ஆயுதத்தால் உங்களுக்காகச் சுடுவார்கள். எல்லா எதிரியும் வரமாட்டான், பெரிய தலைகள் வரவே மாட்டார்கள். ஒளி வருவதற்கு முன்பே போய் மோதினால் அடி உங்களுக்குத்தான்.

ஏன் இப்படி என்பதற்குத் தொடரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேக்ராஸ் 1982 அக்டோபரில் தொடங்கி 1983 ஜூன் வரை ஒளிபரப்பானது, 36 பாகம். தயாரிப்பில் உங்கள் ஓசாகாவின் மைனிச்சி ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. பூமியைத் தாக்க வரும் ஜென்ட்ராடிகள் ராட்சத உருவம் கொண்டவர்கள். போரைத் தவிர எதுவும் தெரியாது. பாட்டு கிடையாது, கதை கிடையாது, ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதுகூடக் கிடையாது. மேக்ராஸ் என்ற விண்வெளிக் கப்பலில் லின் மின்மேய் என்றொரு பெண் பாடுகிறாள். அந்தப் பாட்டைக் கேட்ட ஜென்ட்ராடிகள் நிலைகுலைகிறார்கள். சிலர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கமே வந்துவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த ஒளிக்குப் பின்னால் இருப்பது அதுதான். துப்பாக்கி ஓய்ந்தால்தானே பாட்டு காதில் விழும்!

ஆரம்பத்தில் மூன்று விமானிகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்: ஹிகாரு, மேக்ஸ், மிலியா. மிலியாவே எதிரிப் படையின் வீராங்கனையாக இருந்தவள். மேக்ஸைக் கொல்ல வந்து, கடைசியில் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள். அவளை வைத்து எதிரிகளை இந்தப் பக்கம் இழுத்து ஆடுவதில் உள்ள ருசி வேறு எந்த ஷூட்டரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உருவாக்கியது விங்கிசாஃப்ட், வெளியிட்டது சாமுஸ்.

ஊதிப்போடு_உதயன்:

சரி, தோற்றேன். இதுதானே அமெரிக்காவில் ரோபோடெக் என்று வந்தது?

மிலியாரசிகை:

பாதி சரி. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று ஜப்பான் தொடர்களை ஒரே கதைபோலத் தைத்து 1985-இல் 85 பாகமாக அங்கே விட்டதுதான் ரோபோடெக். அதில் முதல் பகுதி மேக்ராஸ். ஹிகாரு அங்கே ரிக் ஹன்டர் ஆகிவிட்டான். நல்ல தையல்தான், ஆனால் நான் முதலில் பார்த்தது ஜப்பான் வடிவம் என்பதால் எனக்கு ஒட்டவில்லை.

ஓசாகாவாசி:

நம்பவே முடியவில்லை! ஒன்றரை வாரமாகச் சிப் கெட்டுவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அக்கா, சில நாள் ஒருவன்கூட வருவதில்லையே, அது ஏன்? நேற்று ஒரு மணி நேரம் ஆடினேன். சுடும் பட்டனிலிருந்து கையை எடுத்தும் பார்த்தேன். ஒளியே வரவில்லை.

மிலியாரசிகை:

கையை எடுத்தும் குண்டு போய்க்கொண்டே இருந்ததா?

ஓசாகாவாசி:

ஆமாம்... போய்க்கொண்டுதான் இருந்தது. ஆட்டமே அப்படி என்று நினைத்தேன்.

சால்டரிங்சாமி:

தம்பி, கன்ட்ரோலர் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

ஓசாகாவாசி:

இரண்டு அண்ணா. பெட்டியோடு வந்தது ஒன்று. அதே கூடையில் எடுத்த வேறு கம்பெனிக் கன்ட்ரோலர் ஒன்று. இரண்டாவதில் ஒவ்வொரு பட்டனுக்கும் மேலே ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது, மூன்று நிலை. ஜப்பானிய எழுத்தில் ஏதோ போட்டிருக்கிறது.

சால்டரிங்சாமி:

அதுதான் ஆசாமி. அந்த எழுத்து 'ரென்ஷா', தொடர்ச்சியாகச் சுடுவது. முதல் நிலை சாதாரணம். இரண்டாவது, பட்டனை அழுத்திப் பிடித்தால் படபடவென்று தானே தட்டும். மூன்றாவது, நீங்கள் தொடவே வேண்டாம், அது பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருக்கும். உங்களுடையது மூன்றாவதில் நிற்கிறது. கை ஓய்ந்தாலும் விமானம் சுடுவதை நிறுத்தாது, அக்கா சொன்ன ஒளி வராது. எந்த நாள் எந்தக் கன்ட்ரோலர் செருகினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓசாகாவாசி:

போய்ப் பார்த்தேன். மூன்றாவது நிலைதான். வெட்கமாக இருக்கிறது.

மிலியாரசிகை:

வெட்கம் எதற்கு? மற்ற ஷூட்டருக்கெல்லாம் ரென்ஷா வரம், இதற்கு மட்டும் சாபம். பழைய கன்ட்ரோலரிலேயே ஆடுங்கள். இன்னொன்று: விமானத்துக்கு மூன்று உருவம் உண்டு என்று பார்த்திருப்பீர்கள். முழு விமானம், கால் முளைத்த அரை விமானமான கெர்வாக், முழு ரோபோவான பேட்ராய்ட். ஒவ்வொன்றுக்கும் ஆயுதம் வேறு, விமானியை மாற்றினால் அதுவும் மாறும். புதிதாக ஆடுபவர்கள் விமானமாகவே ஓட்டித் தீர்த்துவிடுகிறார்கள். நெருக்கடியில் உருமாறிப் பாருங்கள், வேறு ஆட்டம் போலத் தெரியும்.

ஊதிப்போடு_உதயன்:

230 வோல்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ப்ரோ, ஊரில் எந்தக் கடையிலும் 9 வோல்ட் அடாப்டர் கிடைக்கும். முனை நுழைந்தால் போதும்.

சால்டரிங்சாமி:

உதயன்! முனை நுழைந்தால் போதாது, தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

ஜப்பான் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே போவது 100 வோல்ட், வெளியே வருவது 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்ப். உள்ளே இருப்பது இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், இப்போதைய செல்போன் சார்ஜர் மாதிரி எந்த வோல்ட்டுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளாது. திருச்சி சுவரில் நேராகச் செருகினால் அடாப்டர் கருகும், பெட்டியையும் இழுத்துக்கொண்டு போகலாம். பின் முனையை மாற்றித் தரும் குட்டி கன்வெர்ட்டர் வோல்ட்டை மாற்றாது, அதை நம்பாதீர்கள்.

இரண்டு வழி. ஒன்று, 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். பெட்டி இழுப்பது பத்து வாட்டுக்கும் குறைவு என்பதால் சின்னதே போதும். இரண்டாவது, நம் ஊர் 9 வோல்ட் அடாப்டர், ஒரு ஆம்ப் அல்லது அதற்கு மேல். இதில்தான் கண்ணி இருக்கிறது: சூப்பர் ஃபாமிகாமுக்கு முனையின் நடுவில் மைனஸ், வெளிவட்டத்தில் பிளஸ். நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை நேர்மாறு. அடாப்டர் மேல் வட்டம் போட்டு ஒரு படம் இருக்கும், நடுப்புள்ளி மைனஸ் பக்கம் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் படத்தையும் நம்பாமல் அளந்துவிடுங்கள். தலைகீழாகக் கொடுத்தால், நல்ல நேரமாக இருந்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸோடு போகும்.

டிவி பற்றிப் பயம் வேண்டாம். பெட்டி கொடுப்பது என்டிஎஸ்சி, அதாவது ஜப்பானின் பழைய டிவி கலர் முறை. இப்போதைய தட்டை டிவிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும், மஞ்சள் ஏவி துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் மெனுவில் கலர் சிஸ்டத்தை மாற்றுங்கள். ஏவி வயர் தொலைந்தாலும் பரவாயில்லை, நிண்டெண்டோ 64-க்கும் கேம்கியூபுக்கும் அதே வயர்தான்.

நடுக்கோடு: பழைய போர்டு உள்ள பெட்டிகளில் அது சகஜம். திரையின் ஒவ்வொரு வரியையும் வரையும்போது நடுவில் ஒரு கணம் பிராசஸர் நின்று, நினைவகத்துக்குப் புத்துயிர் ஊட்டும். அந்தக் கணத்தில் மின்சாரத்தில் வரும் சின்ன அசைவு படத்தில் கோடாகத் தெரிகிறது. வயதான கெப்பாசிட்டரை மாற்றினால் சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது. இதற்காக மட்டும் நான் பெட்டியைத் திறக்கமாட்டேன்.

ஓசாகாவாசி:

மூன்று நாள் கழித்து வருகிறேன். எத்தனால் வைத்துத் தேய்த்ததில் பதினோரு குச்சி கறுத்தது, பன்னிரண்டாவது வெள்ளையாக வந்தது. அதற்குப் பிறகு முப்பது முறை போட்டுப் பார்த்தேன், ஒரு முறைகூடக் கறுப்புத் திரை இல்லை. கோடு இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று ராத்திரி மிலியாவை எடுத்து, சுடாமல் காத்திருந்து ஒருவனைப் பிடித்தேன். அவன் பின்னாலேயே வந்தான். ஒரு கட்டத்தில் எங்கிருந்தோ வந்த குண்டில் அவன் போய்விட்டான். சத்தியமாக ஒரு நிமிடம் வருத்தமாக இருந்தது. ஸ்டெப் டவுன் திருச்சியில் வாங்குவதா, இங்கேயே வாங்கி வருவதா?

சால்டரிங்சாமி:

ஊரிலேயே வாங்குங்கள் தம்பி. அது கனமான பொருள், விமானத்தில் எடைக்குத் தண்டம் கட்ட வேண்டாம்.

ஊதிப்போடு_உதயன்:

ப்ரோ, அந்த ரென்ஷா கன்ட்ரோலர் வேண்டாமென்றால் எனக்குக் கொண்டு வாருங்கள்.