உதவி: ஜாக்கெட்டுக்குள் தைத்த துண்டில் "W 3806", யாருடையது?

மாறன்77
வணக்கம் நண்பர்களே. ஏலத்தில் ஒரு ராணுவ ஜாக்கெட் எடுத்தேன். உள்ளே ஒரு துணித்துண்டு தைத்து, அதில் W 3806 என்று மையில் எழுதியிருக்கிறது. போட்டிருந்த சிப்பாயின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? நாளைக்குள் திருப்பிக் கொடுத்தால்தான் பணம் வரும், அதனால் கொஞ்சம் அவசரம்.

கனிமொழி_க
எந்த நாட்டு ஜாக்கெட்? துண்டு எந்த இடத்தில் இருக்கிறது? படம் போடுங்களேன்.

சேகர்_சீருடை
ஜெர்மன் என்று நினைக்கிறேன். 1942 கடைசியிலிருந்து அவர்கள் சீருடையில் எண்கள்தான் இருக்கும்.

பெரியவர் (மூத்த உறுப்பினர்)
சேகர், அது தயாரிப்பாளர் எண். முத்திரையாகக் குத்துவார்கள், ஆளைக் குறிக்காது. மாறன் தம்பி, நாடு கூடச் சொல்லாமல் பெயர் கேட்டால் எப்படி? முதலில் உள் பாக்கெட்டுக்குள் லேபிள் இருக்கிறதா பாருங்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து கேட்பதுதான் முறை.

மாறன்77
மன்னிக்கவும், அமெரிக்கா. இடுப்பளவு உள்ள கம்பளி ஐக் ஜாக்கெட். துண்டு கழுத்துக்குக் கீழே. இடது தோளில் பேட்ச் இருந்து பிரித்த தடம், சாய்சதுரம் மாதிரி.

கனிமொழி_க
அப்படியானால் அது சலவைக் குறி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையினர் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் சர்வீஸ் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் உடுப்பில் போடுவார்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆள்சேர்ப்புப் பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் தேடலாம், கிட்டத்தட்ட 90 லட்சம் பேர். அந்த நான்கு இலக்கம் மட்டும் பொருந்துகிறவர்களே சராசரியாக 900 பேர் வருவார்கள். W-இல் தொடங்கும் பெயர்களை மட்டும் எடுத்தாலும் பல பத்துப் பேர் மிஞ்சுவார்கள். அதனால்தான் தோள் தடம் முக்கியம், அந்த பேட்ச் எந்த டிவிஷன் (பெரிய படைப்பிரிவு) என்று காட்டும். உயரமும் அகலமும் ஒன்றா? ஒன்றென்றால் 45-வது டிவிஷனாக இருக்கலாம். உயரம் கூடுதலென்றால் 5-வது.

இளங்கோ_தையல்
துண்டு பிற்காலத்தில் தைத்ததா என்று பாருங்கள். புற ஊதா விளக்கில் நூல் நீலமாக ஒளிர்ந்தால் போலி. ஐந்தே நிமிட வேலை.

பெரியவர்
இப்படிச் சொல்லிச் சொல்லியே நல்ல உடுப்புகளைக் குப்பையில் போட வைக்கிறார்கள். இன்றைய சோப்புத்தூளில் ஒருமுறை துவைத்தாலே அசல் பருத்தி நூலும் ஒளிரும்.

இளங்கோ_தையல்
ஒளிராவிட்டால் அசல் என்று நான் சொல்லவே இல்லையே. பழைய நூலை வாங்கித் தைக்கிறவர்களும் உண்டு. ஆனால் துண்டு மட்டும் ஒளிர்ந்து லைனிங் ஒளிராவிட்டால், இரண்டும் சேர்ந்து துவைபடவில்லை என்றுதானே அர்த்தம்?

பெரியவர்
அது சரி. அதை முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

சேகர்_சீருடை
துண்டைப் பிரித்துப் பின்னால் பார்த்தால் தெரிந்துவிடுமே?

கனிமொழி_க
தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஊசித்துளைகளும், துண்டுக்கு அடியில் மங்காமல் இருக்கும் துணியும்தான் சாட்சி. நூலை வெட்டிவிட்டால் அதே துளைகளில் திரும்பத் தைத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஓரத்தை லேசாகத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள், போதும்.

மாறன்77
தடம் உயரம், அகலம் இரண்டும் ஒரே அளவு. லேபிளில் 1944. ஓரத்தைத் தூக்கினால் அடியில் லைனிங் நிறம் பளிச்சென்று இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை, வைத்துக்கொள்கிறேன். நன்றி.

கனிமொழி_க
நல்ல செய்தி. 45-வது முதலில் ஓக்லஹோமா, கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களின் நேஷனல் கார்ட் படை, அதாவது மாநிலங்களின் பகுதிநேரத் துணைப்படை. அவர்கள் எண் 2-இல் தொடங்கும், அங்கிருந்து தேடுங்கள். அதோடு நிறுத்திவிட வேண்டாம். போர் நடுவே இழப்பை ஈடுகட்ட எல்லா மாநிலத்திலிருந்தும் ஆட்களைச் சேர்த்தார்கள், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் எண் பெரும்பாலும் 3-இல் தொடங்கும். பெயர் கிடைத்தாலும் முழுக் கோப்பு கிடைப்பது கடினம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவண மையத் தீயில் 1.6 முதல் 1.8 கோடிக் கோப்புகள் போயின.

இளங்கோ_தையல்
மாறன், இடது கையின் கீழ்ப்பகுதியில் பொன்னிறச் சின்னக் கோடுகள் உண்டா? ஒவ்வொன்றும் ஆறு மாத வெளிநாட்டுப் பணி. எண்ணிச் சொன்னால் 1945-இல் புதிதாக வந்தவர்களைக் கழித்துவிடலாம்.

இளங்கோ_தையல்
மாறன்?