மானிட்டர் தானாக அணைய மாட்டேன் என்கிறது, அவசரம்

கணக்கு டீச்சர்:
வணக்கம். என் மானிட்டர் தானாக ஸ்லீப்புக்குப் போகவே மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கறுப்பாகிவிடும். இப்போது நானாகப் பட்டனை அமுக்கினால்தான் உண்டு, இல்லையென்றால் விடிய விடிய எரிகிறது. செட்டிங்ஸில் 5 நிமிடம் என்றுதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். மாலை வகுப்பு இருக்கிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சேலம் கார்த்தி:
டீச்சர், லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? விண்டோஸா, வேறு ஏதாவதா? என்னென்ன செருகி வைத்திருக்கிறீர்கள்? இது தெரியாமல் எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

கேபிள் தாசன்:
எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவு கேபிளில் இதெல்லாம் சகஜம். எங்கள் அலுவலகத்தில் பாதி மானிட்டர் கோளாறு கேபிளை மாற்றியதும் போய்விட்டது.

கோவை பிரபு:
வைரஸ்தான், சந்தேகமே வேண்டாம். பின்னால் காயின் மைனிங் ஓடும், அதாவது யாரோ நம் கணினியை வைத்துத் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ காசு பார்ப்பார்கள், அதனால்தான் தூங்க விடாது. முதலில் ஃபுல் ஸ்கேன் போடுங்கள். அப்புறம் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

ரெஜிஸ்ட்ரி ராஜன்:
தலைப்பில் அவசரம் என்று எழுதினால் பதில் சீக்கிரம் வராது, விவரம் எழுதினால்தான் வரும். இதை இங்கே பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். திரை அணைவது ஒன்று, கணினி ஸ்லீப்புக்குப் போவது இன்னொன்று. விண்டோஸில் இரண்டுக்கும் தனித்தனி நேரம் வைக்க வேண்டும். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

நெல்லை செல்வி:
ராஜன் சார், டீச்சர் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். சொன்ன விஷயம் சரி, அதைக் கொஞ்சம் தன்மையாகவே சொல்லலாமே.

கணக்கு டீச்சர்:
மன்னிக்கவும், போனிலிருந்து அவசரமாகப் போட்டேன். டெஸ்க்டாப், விண்டோஸ் 11. கணினி ஸ்லீப்புக்குப் போக வேண்டாம், திரை மட்டும் அணைந்தால் போதும். தினமும் இரவு ஷட் டவுன் செய்ய முடியாது, பாடம் பதிவேறிக்கொண்டிருக்கும்.

சேலம் கார்த்தி:
சரி டீச்சர். ஒன்று மட்டும் கவனித்துச் சொல்லுங்கள். திரை ஒரு நொடி கறுப்பாகிவிட்டு மறுபடி எரிகிறதா, இல்லை அணையவே இல்லையா? அணைந்து அணைந்து வந்தால் கேபிள், மானிட்டர் பக்கம் பார்க்கலாம். அணையவே இல்லை என்றால் கணினி இன்னும் "அணை" என்று சொல்லவே இல்லை என்று அர்த்தம், மானிட்டர் பாவம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. மானிட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றுங்கள். "நோ சிக்னல்" என்று காட்டிவிட்டுத் தானாக அணைந்தால் மானிட்டரில் குற்றமில்லை.

கணக்கு டீச்சர்:
கழற்றினேன். நோ சிக்னல் என்று வந்தது, அப்புறம் அணைந்து சின்ன விளக்கு மட்டும் மினுக்குகிறது. மற்ற நேரத்தில் அணையவே இல்லை.

சேலம் கார்த்தி:
அப்படியென்றால் கேபிளும் மானிட்டரும் கணக்கிலிருந்து போய்விட்டன. அடுத்து, ஏதாவது புரோகிராம் திரையைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்ப்போம். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து, டெர்மினல் என்பதில் அட்மின் போட்டிருப்பதைத் திறங்கள். பவர்சிஎஃப்ஜி என்று ஒரே சொல்லாக அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ஒட்டினாற்போல் ரிக்வெஸ்ட்ஸ் என்று அடியுங்கள் (powercfg /requests). கடைசி எஸ் முக்கியம். டிஸ்பிளே என்ற தலைப்பின் கீழ் என்ன வருகிறது? வீடியோ ஓடும் பிரவுசர், திறந்தே கிடக்கும் மீட்டிங் எல்லாம் அங்கேதான் மாட்டும்.

கோவை பிரபு:
வைரஸ் அதில் தெரியாது. ஒளிந்துகொள்ளும்.

நெல்லை செல்வி:
பிரபு அண்ணே, மைனிங் ஓடினால் ஃபேன் கத்தும், கணினி தவழும். திரையை எரியவிட்டு நம்மை உஷார்ப்படுத்துவதால் அதற்கு என்ன லாபம்? திரை அணைந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஸ்கேன் போடட்டும், தப்பில்லை. ஆனால் இந்தக் கோளாறுக்கு அது காரணமாக இருக்காது.

தஞ்சை வாசன்:
எதற்கு இத்தனை பாடு? ஸ்கிரீன் சேவர் போட்டுவிடுங்கள், கறுப்பு நிறத்தில். நான் விண்டோஸ் 98 காலத்திலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ரெஜிஸ்ட்ரி ராஜன்:
அது கண்ணாடிக் குழாய் மானிட்டருக்கு வந்தது. ஒரே படம் நாள் கணக்கில் நின்றால் உள்ளே ஒளிரும் பாஸ்பர் பூச்சில் தடம் விழும், அதைத் தடுக்கத்தான் ஸ்கிரீன் சேவர். எல்சிடியில் கறுப்புப் படம் காட்டினாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். இருட்டு அறையில் பார்த்தால் கறுப்பு சாம்பல் நிறத்தில் தெரியும். ஓஎல்இடி என்றால் மட்டும் வேறு, அதில் கறுப்புப் புள்ளி நிஜமாகவே அணைந்திருக்கும். திரையை முறையாக அணைக்கும் டிபிஎம்எஸ் என்ற தரமே 1993இல் வந்துவிட்டது. அமெரிக்காவின் மின்சாரச் சிக்கன முத்திரையான எனர்ஜி ஸ்டார் 1992இல் முதலில் கைவைத்ததும் கணினியிலும் மானிட்டரிலும்தான். இவ்வளவு வருடம் கழித்தும் ஸ்கிரீன் சேவரில் மின்சாரம் மிச்சம் என்று சொன்னால் என்ன செய்வது?

தஞ்சை வாசன்:
மிச்சம் என்று நான் சொல்லவே இல்லையே. கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கும் என்றுதான் சொல்கிறேன். ஒரு 24 அங்குல மானிட்டர் 20 வாட் சாப்பிடுமா? இரவு 10 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். இதற்குப் போய் இவ்வளவு கோபமா?

நெல்லை செல்வி:
வாசன் சார், 12 யூனிட்டைச் சின்னதாக நினைக்காதீர்கள். வெயில் காலத்தில் ஏசி ஓடும் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 490, 495 என்று நிற்கும். 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமா காசு? கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் விலை ஏறுகிறது. எங்கள் வீட்டில் கணக்கெடுக்க வருகிற வாரம் நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அணைந்த மானிட்டர் அரை வாட்டுக்குள் அடங்கிவிடும், அப்புறம் எதற்குச் சும்மா எரிய வேண்டும்?

கேபிள் தாசன்:
அதற்குத்தான் சுவிட்சிலேயே அணைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரி எல்லா சுவிட்சும் ஆஃப்.

கணக்கு டீச்சர்:
கார்த்தி தம்பி, நீங்கள் சொன்னதை அடித்தேன். டிஸ்பிளே, சிஸ்டம், அவேமோட் என்று வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றின் கீழும் "நன்" (None) என்றுதான் இருக்கிறது. ஒன்றுமே இல்லை என்றால் ஏன் அணையவில்லை?

சேலம் கார்த்தி:
நல்ல செய்திதான் டீச்சர். எந்தப் புரோகிராமும் பிடிக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான், யாரோ தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று கணினி நினைக்கிறது. 5 நிமிடம் என்பது கடைசியாக மவுஸோ கீயோ அசைந்ததிலிருந்து எண்ணுவது. நடுவில் அம்புக்குறி ஒரு புள்ளி நகர்ந்தாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். பளபளப்பான மேஜையில் ஆப்டிகல் மவுஸ் சும்மா இருக்கும்போதே அப்படிச் செய்யும். முதலில் கேட்டதை மறுபடி கேட்கிறேன், யூஎஸ்பியில் என்னென்ன இருக்கிறது?

கணக்கு டீச்சர்:
மவுஸ், கீபோர்டு, வெப்கேம், பேனாவால் எழுதுகிற டேப்லெட் பலகை. அவ்வளவுதான். மவுஸ் பேடில்தான் இருக்கிறது.

ஓவியக்காரன்:
டீச்சர், இப்போதுதான் இழையைப் பார்த்தேன். வகுப்பு முடிந்ததும் அந்த டேப்லெட் பேனாவை எங்கே வைப்பீர்கள்? பலகை மேலேயேவா?

கணக்கு டீச்சர்:
ஆமாம், மேலேயேதான். கீழே உருண்டு விழுந்துவிடும் என்று. அதனால் என்ன?

ஓவியக்காரன்:
அதுதான் என்று நினைக்கிறேன். பேட்டரி இல்லாத பேனா என்றால், பலகையின் காந்தப் புலத்திலிருந்தே அது சக்தி எடுத்துக்கொள்ளும். முனை தொட வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தாலே பலகைக்குத் தெரியும். மேலே படுத்துக் கிடந்தால் "இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்து ஓயும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

இப்படிப் பாருங்கள். பேனாவைப் பலகை மேலேயே வைத்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, அம்புக்குறியின் நுனியை மட்டும் உற்றுப் பாருங்கள். ஏதாவது ஒரு எழுத்தின் ஓரத்தில் நிறுத்திவைத்தால் நன்றாகத் தெரியும். நுனி ஒரு புள்ளி அளவுக்கு இங்கும் அங்கும் நடுங்கும். சில பலகையில் விட்டுவிட்டு வரும், பொறுமையாகப் பாருங்கள். டிசைன் வேலை செய்கிற இடத்தில் இது எல்லோருக்கும் ஒரு தடவையாவது வரும்.

ரெஜிஸ்ட்ரி ராஜன்:
அந்த டேப்லெட்டை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நீளம் போயிருக்காது. ஓவியக்காரன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். உறுதிப்படுத்த பேனாவை எடுத்தால் மட்டும் போதாது. யூஎஸ்பியையே பிடுங்கிவிட்டு 5 நிமிடம் பாருங்கள்.

கோவை பிரபு:
அப்படியே ஸ்கேனும் போட்டுவிடுங்கள்.

தஞ்சை வாசன்:
செல்வி அம்மா, 500 யூனிட் விஷயம் எனக்கு உறைக்கவில்லை. என் பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் ஸ்கிரீன் சேவரை விடமாட்டேன்.

கணக்கு டீச்சர்:
நுனி நடுங்கியது, என் கண்ணாலேயே பார்த்தேன். பேனாவை ஸ்டாண்டில் வைத்தேன், திரை அணைந்துவிட்டது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

திருச்சி அக்பர்:
எனக்கும் இதே தொல்லை. பேனா எல்லாம் கிடையாது, மகன் விளையாடுகிற ஸ்டியரிங் வீல் மட்டும் செருகியே இருக்கிறது. அதுவும் இப்படிச் செய்யுமா?

சேலம் கார்த்தி:
செய்யும் அக்பர் பாய். வீல், ஜாய்ஸ்டிக் எல்லாம் பழசானால் நடுவில் சரியாக நிற்காது, கை படாமலே மதிப்பு மாறிக்கொண்டிருக்கும். விளையாடி முடித்ததும் யூஎஸ்பியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்படியும் அணையவில்லை என்றால் டீச்சருக்குச் சொன்ன அந்தக் கட்டளையை அடித்து, டிஸ்பிளேக்குக் கீழே வருவதை அப்படியே இங்கே போடுங்கள். என்னென்ன செருகியிருக்கிறது என்பதையும் சேர்த்து.